மைக் செட் வீட்டு மருமகள்

கண்ணு,

நேற்று மத்தியானம் நீ கப்பலில் இருந்து கூப்பிட்டபோது நான் பல்லடத்தில் ஒரு காதுகுத்து வீட்டில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். ஏணியின் மேல் நின்றபடிதான் பேசினேன். அடுத்த சீசனுக்கும் அதே கப்பல்தான் என்றும், உனக்கும் ஒடாலிஸுக்கும் சேர்த்தே கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும் சொன்னாய். உன் அம்மா போன பிறகு நீ அத்தனை சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை. கடைசியில், "அவ தொண்டை இந்நேரம் சரியாயிருக்குமில்லீங்கப்பா?" என்று கேட்டாய். நான் "ம்" என்று சொல்லிவிட்டு, கீழே ஆள் கூப்பிடுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டேன். கீழே யாரும் கூப்பிடவில்லை.

அந்த 'ம்' பொய். அதைத் திருத்தத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் மைக் கொடுத்துப் பிழைத்தவன், எனக்கென்று ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் இப்படித்தான் போனை வைத்துவிடுவேன். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மனைவி ஒடாலிஸ் இனிமேல் பாட மாட்டாள். அவள் தொண்டையில் இருந்தது, உனக்குச் சொன்ன மாதிரி சும்மா ஒரு சதைக் கட்டி இல்லை, புற்று. ஆரம்பத்திலேயே தெரிந்ததால் வெட்டி எடுத்தாயிற்று, உயிருக்கு இப்போது பயமில்லை என்று டாக்டர் சொல்கிறார். குரல் நாணில் ஒரு பக்கத்தையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். பேசலாம், ஆனால் அது வேறு மாதிரி இருக்கும். பாட்டு அதோடு போயிற்று. கப்பலில் உன் பாட்டுக் குழுவில் இருக்கிறவர்களுக்கும் இதைச் சொல்லிவிடு. இங்கேயும் கோயிலில் கேட்கிறார்கள், தெருவில் கேட்கிறார்கள், அவள் எப்போது பாடுவாள் என்று. அவர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

இதைப் படித்ததும் உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். எனக்கு ஒன்றும் செய்யாது. உன் அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து எதுவும் எனக்கு உறைப்பதில்லை. ரொம்ப நேரம் சப்பணமிட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போய் இருக்குமே, அந்தக் காலோடுதான் நடந்துகொண்டிருக்கிறேன். வேலைக்குப் போகிறேன், வருகிறேன். கல்யாண வீட்டில் செட் போட்டாலும் எழவு வீட்டில் செட் போட்டாலும் ஒன்றுதான். உன் அம்மா அடக்கத்தன்று நீ நடுக்கடலில் இருந்தாய். உனக்குக் காட்டுவதற்காக நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாமியார் ஜெபம் சொல்லும்போது காற்று இரைச்சல் உனக்குக் கேட்குமே என்று போனின் அடிப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தேன். பெட்டி இறங்கும்போது சத்தம் சரியாகப் போகிறதா என்பதுதான் என் கவலையாக இருந்தது. அழ மறந்துபோனேன். அதற்குப் பிறகு அந்தச் சந்தர்ப்பம் வரவே இல்லை.

உனக்குத் தெரியாததை எழுத வேண்டும் என்றால் ஒடாலிஸின் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீ அவளோடு வருஷக்கணக்கில் மேடையில் தும்பா மேளம் வாசித்திருக்கிறாய். அவள் கதையை உன்னைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று சொன்னால் சிரிப்பாய். நீங்கள் இருவரும் அம்மாவின் முதல் வருஷப் பூசைக்கு வந்தீர்கள், உன் லீவு முடிந்து நீ கிளம்பினாய், தொண்டை கரகரப்பைக் காட்டிவிட்டுப் பின்னாலேயே வருகிறேன் என்று அவள் தங்கினாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நானும் அவளும்தான். ஆபரேஷனுக்குப் பிறகு வாயே திறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கோ பேச ஒன்றுமில்லை. அவள் போனில் அவள் பாஷையில் தட்டுவாள், அது தமிழாக்கிக் காட்டும். கோயிலில் வாசிக்கிற பிஷப்பின் சுற்றறிக்கை மாதிரி ஒரு விறைத்த தமிழ். ஆனாலும் புரியும். சாப்பிட்ட பிறகு தட்டைக் கழுவி வைத்துவிட்டு எதிரில் வந்து உட்காருவாள். கொஞ்சம் கொஞ்சமாக எழுதிக் காட்டினாள். நான் தலையாட்டிக்கொண்டே படித்தேன்.

அவள் ஊர் கியூபாவின் கிழக்குக் கோடியில் ஒரு சர்க்கரை ஆலை ஊர். ஆலைச் சங்குக்கு எழுந்து ஆலைச் சங்குக்குத் தூங்குகிற ஊர். அப்பா கரும்பு வெட்டுகிற ஆள், அம்மா பள்ளிக்கூடத்தில் சமையல். அவர்களுடைய முன்னோர்களை ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டு அந்தக் கரும்புக்காகத்தான் கொண்டுவந்தார்களாம். பக்கத்து வீட்டில் மூன்று மத்தளம் வைத்து விடிய விடியப் பழைய சாமி பாட்டுப் பாடுவார்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாட வேண்டும். அந்தப் பாஷை இன்று யாருக்கும் பேசத் தெரியாது, பாடத்தான் தெரியும் என்று எழுதினாள். காலையில் அதே வாயோடு கோயிலுக்குப் போய் மாதா பாட்டுப் பாடுவாளாம். ரெண்டு பக்கமும் திட்டு வாங்கியிருக்கிறாள். அதை எழுதும்போது மட்டும் சத்தமில்லாமல் சிரித்தாள்.

தலைநகரத்துக்குப் போய் ஹோட்டலில் பாடினாள். பாடினாள் என்றால் பின்பாட்டு. வெள்ளைக்காரப் பயணிகள் வருகிற ஹோட்டல், முன்னால் நின்று பாடுகிறவள் வெளுத்த நிறமாக இருக்க வேண்டும் என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லையாம், ஆனால் எல்லாருக்கும் தெரியுமாம். பல வருஷம் ஒரே நிறக் கவுனில் மூன்று பேரில் ஒருத்தியாகப் பின்னால் நின்றிருக்கிறாள். ஒரு பாட்டு ரெக்கார்டு ஆகி ஊரெல்லாம் ஓடியது, குரல் இவளுடையது, அட்டையில் இருந்த முகம் வேறொருத்தியுடையது. இதைப் படித்தபோது எனக்கு உன் பல்லடத்து அத்தை ஞாபகம் வந்தாள். உங்களுக்குக் கோயிலில் கல்யாண மந்திரிப்பு நடந்த அன்றைக்கு, ஒடாலிஸ் காதுபடவே, "ஏனுங்கண்ணா, பையனுக்கு இதவிடக் கொஞ்சம் செவப்பா கெடைக்கலீங்களா?" என்று கேட்டாளே, அவளேதான். ஒடாலிஸுக்கு அன்று தமிழ் தெரியாது. ஆனால் அது எந்தப் பாஷையில் சொன்னாலும் புரியும் என்று இப்போது எழுதிக் காட்டினாள். அத்தை இன்று வாராவாரம் கோழிப்பண்ணையிலிருந்து முட்டை கொண்டுவந்து இறக்குகிறாள், 'அம்மணி, ஒடம்பத் தேத்து' என்கிறாள். ஒடாலிஸ் வாங்கி வைத்துக்கொள்கிறாள். மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை.

பிறகுதான் கப்பல். முன்னால் நின்று பாடும் இடம் அங்கேதான் கிடைத்தது. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமல் அடுத்த கப்பலுக்கு மாறியதால், அவள் நாட்டுக்குள்ளேயே பல வருஷம் அவளை விடவில்லை. அதற்குள் அவள் அம்மா இறந்துவிட்டாள். அவளும் போனில்தான் அடக்கத்தைப் பார்த்திருக்கிறாள். உனக்காக நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன் இல்லையா, அப்போது அந்தப் பக்கம் உன் தோளில் கைவைத்துக்கொண்டு நின்றவளுக்கு அது போனில் பார்த்த இரண்டாவது அடக்கம். அன்றைக்கு நீ சொல்லவில்லை. உனக்குத் தெரியுமோ என்னவோ.

இப்போது கட்டிக்கு வருகிறேன். நீ கிளம்பிய அடுத்த வாரம் ஆர்.எஸ்.புரத்து டாக்டரிடம் போனோம். குழாய் விட்டுப் பார்த்தார், கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாக இங்கிலீஷில் அவளுக்கும் தமிழில் எனக்கும் சொன்னார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், பாட முடியுமா என்று. முடியாது என்றார். வெளியே வந்து ஆட்டோ பிடிக்காமல் நடந்தோம். நகைக்கடை வாசலில், ஜவுளிக்கடை வாசலில் எல்லாம் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பேக்கரியில் உட்கார்ந்து டீ சொன்னேன். அங்கே வைத்துத்தான், உனக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். நான் சரி என்றேன். வேறு யாராவது இருந்தால் வாதாடியிருப்பார்கள். எனக்கு வாதாடுகிற அளவுக்கு எதுவும் தோன்றவில்லை. உன் அம்மா இருந்திருந்தால் அந்த டீ ஆறுவதற்குள் உனக்குப் போன் வந்திருக்கும்.

ஏன் வேண்டாம் என்றாள் தெரியுமா? நீ சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். முதன்முதலாக அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாயே. கப்பலில் திரைக்குப் பின்னால் தும்பாவுக்குத் தோல் முறுக்கிக்கொண்டிருந்ததாகவும், அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டதாகவும், "மூஞ்சியப் பாக்கறதுக்கு முன்னாலயே முடிவு பண்ணிப்போட்டனுங்கம்மா" என்றும் சொன்னாய். நாங்கள் சிரித்தோம். அவளுக்கு அன்றைக்கே நீ அதை இங்கிலீஷில் சொல்லிக் காட்டினாய். அவளும் சிரித்தாள். பேக்கரியில் உட்கார்ந்து, தெரிந்த தமிழில் அதையே திருப்பிச் சொன்னாள். குரலைப் பார்த்துக் கட்டினவன், குரல் போனால் என்ன செய்வான் என்று கேட்டாள். என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேசாமல் இருந்த காலம் சுலபமாகத்தான் போயிற்று. வீட்டில் ரெண்டு பேரும் ஊமை. உன் அம்மா சொல்லிக்கொடுத்த 'வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க' எல்லாவற்றையும் அவள் கையாலேயே சொல்லிவிடுவாள். உனக்குத் தெரியுமே, நல்ல நாளிலேயே அவள் தெருநாயைக்கூட 'போங்க' என்றுதான் விரட்டுவாள். உன் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நீ கூப்பிடும்போதெல்லாம் டாக்டர் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று உனக்கு எழுதி அனுப்பினாள். அது உண்மைதான், ஆனால் அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. அதன் பிறகும் அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

பேசலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, முதல் போன் அவள் அண்ணனுக்குத்தான் போட்டாள். ஆலை ஊரிலேயே இருக்கிற அண்ணன். நான் வராந்தாவில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். முதல் தடவையாக அப்போதுதான் அந்தக் குரலை நானும் கேட்டேன். கனமான ஆம்பிளைக் குரல், காற்றும் கரகரப்பும் கலந்தது. அவன் பெயரைச் சொன்னாள். தன் பெயரைச் சொன்னாள். மறுபடியும் சொன்னாள். பிறகு போனை வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய் அரிசி களைய ஆரம்பித்தாள். சாயங்காலம் நான் கேட்டதற்கு எழுதிக் காட்டினாள். அண்ணன் மூன்று முறையும், யார் பேசுவது, யாரைய்யா நீ, என் தங்கச்சி பெயரை எதற்குச் சொல்கிறாய் என்று கேட்டானாம். அவன் மேல் தப்பில்லை, இவள் பாட்டைக் கேட்டே வளர்ந்தவன் என்றும் எழுதினாள். அதற்கப்புறம் மறுபடியும் வாயை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் நான் ஒரு வேலை செய்தேன். மைக் செட்காரன் மட்டும்தான் அப்படி ஒரு முட்டாள்தனம் செய்வான். மிக்ஸரில் சரிபண்ண முடியாத குரலே கிடையாது என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தவன் என்பது உனக்குத் தெரியும். சளி பிடித்த சாமியாரைப் பாஸ்கா பூசையில் கணீரென்று பேசவைத்திருக்கிறேன். காரமடையில் ஒரு கல்யாணத்துக்கு மங்கல வாழ்த்துப் பாட வந்தவர் தொண்டை கட்டி நின்றபோது, எதிரொலியைக் கூட்டிக் கரையேற்றியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஹாலில் சின்ன மிக்ஸரை வைத்தேன், கச்சேரிக்கு மட்டும் எடுக்கிற நல்ல மைக்கை ஸ்டாண்டில் மாட்டினேன், அவளைக் கூப்பிட்டு முன்னால் நிற்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை. வந்து நின்றாள். எத்தனையோ மேடையில் நின்றவள், மைக்கைத் தன் உயரத்துக்குத் தானே இறக்கிக்கொண்டாள். பேசச் சொன்னேன். "வாங்க. உக்காருங்க. சாப்பிடுங்க" என்றாள்.

கனத்தைக் குறைத்தேன். மேல் பக்கத்தைக் கூட்டினேன். கரகரப்பு இருக்கிற இடத்தைத் தேடிப் பிடித்து அமுக்கினேன். கொஞ்சம் எதிரொலி கொடுத்தேன். அவள் அதே மூன்று வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தாள், முகத்தில் ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம் திருகியதில் ஒரு கட்டத்தில் ஸ்பீக்கரில் ஒரு பொம்பளைக் குரல் வந்தது. சுத்தமான குரல். அது யாருடையதும் இல்லை, பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் சொல்லுமே அந்த மாதிரி. எனக்கு அதுகூடத் தெரியவில்லை. வேலை முடிந்த திருப்தியில், "இப்ப நல்லாருக்குதுங்கம்மணி" என்றேன்.

அவள் மைக்கை விட்டு நகர்ந்து என் பக்கம் வந்தாள். நான் திருகிய ஒவ்வொரு குமிழையும் ஒவ்வொன்றாக நடுவுக்குக் கொண்டுவந்தாள். அவசரமில்லாமல் செய்தாள், கோபமும் இல்லை. எதிரொலியை முழுக்க அணைத்தாள். திரும்பிப் போய் மைக் முன்னால் நின்று அந்தக் கனத்த குரலில் சொன்னாள்: "இது நான்தானுங்க, மாமா."

ஹால் முழுக்க அது கேட்டது. எதிர் வீட்டில்கூடக் கேட்டிருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது கண்ணு. சாதாரண வெட்கம் இல்லை, உடம்பெல்லாம் சூடாக ஏறி, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போயிற்று. உன் அம்மா போன பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். அது துக்கமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் வந்தது வெட்கம்தான். ஒயர்களைச் சுற்றி எடுத்து வைத்தேன். அவள் போய்ச் சோறு போட்டாள். சாப்பிடும்போது, "உப்பு போதுங்களா மாமா?" என்று வாயாலேயே கேட்டாள். போதும் என்றேன். அன்றிலிருந்து என்னிடம் எழுதிக் காட்டுவதை நிறுத்திவிட்டாள். பேசுகிறாள். தெருவில் நிற்பவர்கள் வீட்டுக்குள் வேறு ஒரு ஆம்பிளை இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும்.

மரத்துப்போனது எனக்கு முழுக்கத் தெளிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதே. அப்படியெல்லாம் இல்லை. இன்றும் காலையில் எழுந்தால் முந்தின நாள் மாதிரியேதான் இருக்கிறது. உன்னிடம் மறைத்ததற்காக வருத்தப்பட வேண்டும் என்று புத்திக்குத் தெரிகிறது, நெஞ்சுக்கு எட்ட மாட்டேன் என்கிறது. அதனால் அப்பன் என்கிற முறையில் பெரிதாகப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. தெரிந்த மட்டும் சொல்கிறேன். கப்பலில் போய் அவள் பெயரை எடுத்துவிடச் சொல். அவளைக் கேட்காமல் ரெண்டு பேருக்கும் கையெழுத்துப் போட்டது உன் தப்பு, அதை நீயே சரிசெய். இதைப் படித்துவிட்டு வேலையை உதறிப்போட்டு ஓடிவராதே. வருவதாக இருந்தால் அவளிடம் கேட்டுவிட்டு வா. பழைய பாட்டு எதையும் அனுப்பாதே. பரவாயில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லாதே, ஆகியிருக்கிறது. வேறு டாக்டரைப் பார்க்கலாம், வேறு ஊரில் காட்டலாம் என்று ஆரம்பிக்காதே. அது நான் மிக்ஸரைத் தூக்கிக்கொண்டு வந்த மாதிரிதான். குரலைப் பார்த்துத்தான் கட்டினாயா என்று நான் உன்னைக் கேட்கப்போவதில்லை. அவள் கேட்டால், யோசிக்காமல் பதில் சொல். நான் பேக்கரியில் டம்ளரைப் பார்த்த மாதிரி நீ எதையும் பார்த்துக்கொண்டு நிற்காதே.

நேற்று நீ கையெழுத்துப் போட்ட விஷயத்தைச் சாப்பாட்டின்போது அவளிடம் சொன்னேன். தட்டிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டாள். உனக்கு இனி எழுதி அனுப்பப்போவதில்லை, வாயாலேயே பேசிக்கொள்கிறேன் என்றாள். அதற்கு முன்னால் நான் உனக்கு எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, எழுதுங்க என்றாள். அதனால்தான் இன்று வேலைக்குப் போகாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவேன். அவள் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டு என்னையே பார்க்கிறாள்.

நாளைக்கு உன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் உன்னைக் கூப்பிடுவாள். என் போனிலிருந்து கூப்பிடுவாள், உன் போனில் என் பெயர்தான் தெரியும். ஒரு ஆம்பிளைக் குரல் கரகரவென்று உன் பெயரைச் சொல்லும். என்ன வேண்டுமானாலும் பேசு கண்ணு, பேச வராவிட்டால் சும்மாகூட இரு. யார் பேசறது என்று மட்டும் கேட்டுவிடாதே.

அப்பா